நீதவான் சிஞ்ஞோராவும் நீனோ ஐயாவின் காலும்

வயதுபோனவர்களைப் பார்க்கிற வேலையில் கைக்குப் பாதி வேலை, காதுக்குப் பாதி வேலை. இதை எனக்கு முதன்முதலில் சொன்னது என் சிஞ்ஞோரா, நான் வேலை செய்கிற வீட்டம்மா. நான் அவவின் வீட்டுக்கு வந்த முதல் மாரிகாலம், ஒரு மழைப் பின்னேரம், முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருக்கையில் சொன்னா: "உம்முடைய வேலையும் நான் பார்த்த நீதவான் வேலையும் ஒண்டுதான், மரியா. மற்றவையின்ர அழுக்கைப் பார்க்க வேணும், பார்த்ததை வெளியில கதைக்கேலாது."

இப்போது வெளியில் கதைக்கப் போகிறேன். அவவிடம் கேட்டுத்தான். தன் பெயரையும் தான் வேலை பார்த்த ஊர்களின் பெயரையும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் சொல்லலாம் என்று விட்டா.

நான் மன்னாரில் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிள்ளைகள் மூன்று பேரும் வளர்ந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போய்விட்டார்கள். இவர் துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பல் வந்து நின்றால் துப்புரவு வேலைக்குப் போவார். நான் காலமை, நாங்கள் இருக்கிற சீசாப் பகுதியில் பஸ் ஏறி, வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் இருக்கிற சிஞ்ஞோரா வீட்டுக்கு வருவேன். சிஞ்ஞோரா இந்தப் பலேர்மோவில்தான் பிறந்தவ. ஆனால் உத்தியோகம் பார்த்ததெல்லாம் இத்தாலி நாட்டின் வடக்கு விளிம்பில், பனி கொட்டினால் பாதை மூடிவிடுகிற ஒரு மலைப் பள்ளத்தாக்கில். அந்த இடத்துக்குப் போக ஒரு ஆம்பிளை நீதவானும் விரும்பவில்லையாம். அதனால் பொம்பிளைக்குக் கிடைத்தது. கலியாணம் கட்டவில்லை. ஓய்வு எடுத்த பிறகுதான் கடலைப் பார்க்கத் திரும்பி வந்தா.

என்னைப் போல மற்றவர்களின் குசினியில் நிற்கிற அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இது புதினமாக இராது. நீங்களும் தினமும் ஒரு கதை கேட்டுக்கொண்டுதானே கோப்பை கழுவுகிறீர்கள்.

உப்பு வழக்கு

டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் சிஞ்ஞோராவுக்குச் சொல்லாமல் சூப்பில் குறைத்துவிட்டேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு. ஒரு கரண்டி வாயில் வைத்ததும் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினா. ஆர் சொன்னது, எப்போது சொன்னது, சொன்னவர் என் சூப்பைக் குடித்துப் பார்த்தவரோ என்று ஒவ்வொன்றாகக் கேள்வி. எனக்கு வியர்த்துவிட்டது. சந்தைக்காரனிடம் பேரம் பேசுகிற என் இத்தாலியன் பாசை எல்லாம் அந்தக் கதிரையில் இருந்தபோது எங்கே போனது என்று தெரியாது.

எல்லாம் கேட்டு முடித்த பிறகு உப்பில்லாத சூப்பை எடுத்துக் கடைசித் துளி வரைக்கும் குடித்தா. கோப்பையை என் கையில் தந்துகொண்டு சொன்னா: "தண்டனை சரிதான், மரியா. என்னைக் கேளாமல் தந்ததுதான் பிழை."

எரிந்த கொட்டில்

மலைக்குப் போன புதிதில் சிஞ்ஞோராவுக்கு வந்த பெரிய வழக்கு ஒரு கொட்டில் எரிந்த வழக்கு. அங்கே மாடுகளுக்குக் குளிர்காலம் முழுவதும் கொடுக்கிற காய்ந்த புல்லை ஒரு மரக் கொட்டிலில் சேர்த்து வைப்பார்கள். புல் போனால் மாடு போச்சு, மாடு போனால் வீடு போச்சு. பக்கத்து வீட்டுக்காரன் குடித்துவிட்டுப் புகைக்கிற சுங்கானை அங்கே தட்டியிருக்கிறான். அவ்வளவும் சாம்பல். சிஞ்ஞோரா புத்தகத்தைப் பார்த்து, சாட்சியைக் கேட்டு, அவனை மறியலுக்கு அனுப்பினா. ஒரு எழுத்துப் பிசகாத தீர்ப்பு என்று இப்போதும் சொல்லுவா. அதைப் பாராட்டிப் பெரிய நகரத்தில் இருந்து மேலதிகாரியும் கதைத்தாராம்.

கொஞ்ச நாளில் கொட்டிலைப் பறிகொடுத்த மனுசன் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து சிஞ்ஞோரா உள்ளே கூப்பிட்டா. அவர் உள்ளே வரவில்லை. பனிக்கு முதல் கொட்டிலைத் திரும்பக் கட்ட வேண்டும், அந்தப் பக்கத்தில் தச்சு வேலை தெரிந்தவர்கள் இரண்டே பேர், தானும் மற்றவனும் என்றார். பிறகு நின்ற இடத்திலேயே கேட்டாராம்: "அவனை நீங்கள் உள்ளுக்குப் போட்டிட்டீங்கள். கூரை வளை மரத்தின்ர மற்ற முனையை இப்ப ஆர் தூக்கிறது, நீதவான் அம்மா?"

சீஸ் காய்ச்சுகிற இடத்தில் நீதி

அதற்குப் பிறகுதான் சிஞ்ஞோரா கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனா. ஊர்ச் சனம் காலமை பால் கொண்டுவந்து ஊற்றிச் சீஸ் காய்ச்சுகிற இடம் ஒன்று இருந்ததாம். பெரிய செம்புக் கிடாரம், கீழே நெருப்பு. அந்தப் பள்ளத்தாக்கிலேயே சூடான இடம் அதுதான். சின்ன வழக்குகளைத் தீர்ப்புக்கு முதல் அங்கே கொண்டுபோய் வைப்பா. செய்தவன் தன் வாயால் சொல்ல வேண்டும். நட்டம் பட்டவர் கேட்க நினைத்ததைக் கேட்க வேண்டும். மற்றவர்கள் இருப்பதும் எழும்பிப் போவதும் பட்டவரின் விருப்பம். இந்த மூன்றும்தான் சட்டம். வந்து பார்த்த மேலதிகாரி, இது நீதிமன்றமோ பால் கடையோ என்று கேட்டாராம். இரண்டும் புளிக்காமல் பார்க்க வேண்டிய இடம்தானே என்று சிஞ்ஞோரா சொல்லியிருக்கிறா.

ஆனால் ஊர் கூடினால் நல்லதுதான் வரும் என்று நினையாதையும் என்று என்னை எச்சரிப்பா. ஒருமுறை பாலில் தண்ணீர் கலந்த ஒருவனைப் பிடித்துவிட்டார்கள். ஊர் முழுக்க வந்து நின்று, அவனைக் குடும்பத்தோடு பள்ளத்தாக்கை விட்டுத் துரத்த வேண்டும் என்றது. தனித்தனியே பார்த்தால் எல்லாரும் தங்கமான சனம், கூட்டமாக நின்றபோது ஒரு முகத்தையும் தனக்கு அடையாளம் தெரியவில்லை என்று சிஞ்ஞோரா சொன்னா. என்ன செய்வது என்று தெரியாமல், அவனால் ஆகக்கூட நட்டப்பட்டது ஆரோ அவரை மட்டும் கேட்போம் என்று கிடாரம் கிண்டுகிற கிழவியைக் கேட்டிருக்கிறா. கிழவி அகப்பையை நிறுத்தாமல் சொன்னாளாம்: "அவனைத் துரத்திப்போட்டால் நாளையில இருந்து ஆரைப் பற்றிக் கதைக்கிறது?"

ஒரு சொல் சொல்லுங்கோவன்

இனி எங்கள் வழக்கு. பிலோமினா என் கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே கோவில் பங்கு, ஒரே பஸ். புருசன் இல்லை. ஒரே மகன் றெஜி. கடைச் சாப்பாட்டை மோட்டோர் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. ஒருநாள் மத்தியானம் சீசாவில் ஒரு ஒழுங்கையில் கெதியாகத் திரும்பியிருக்கிறான். அங்கே தன் வீட்டு வாசலில், தெருவில் கதிரை போட்டு நீனோ என்ற ஒரு வயதானவர் இருந்திருக்கிறார். இஞ்சை அது வழக்கம்தானே. மோட்டோர் கதிரையில் இடித்து, ஐயா விழுந்து, கால் முறிந்துவிட்டது. றெஜி நிறுத்தினான், திரும்பிப் பார்த்தான், போய்விட்டான்.

அடுத்த நாள் காலமை பிலோமினாவுக்கு விசயம் தெரிந்தது. சாப்பிடவும் விடாமல் பொடியனைக் கையில் பிடித்துப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் என்றால் அப்படிச் செய்திருப்பேனோ தெரியாது. இடித்ததை விட நிற்காமல் போனதுதான் பெரிய குற்றம் என்று வக்கீல் சொன்னார். நீதிமன்றம் மனம் வைத்தால் தண்டனைக்குப் பதிலாகச் சமூகத்துக்கு வேலை செய்ய விடும், அதை ஒழுங்காகச் செய்து முடித்தால் வழக்கே இல்லாமல் போகும், காயப்பட்டவரோடு ஒரு சமாதானம் வந்தால் நல்லது. அது இல்லாமல் குற்றவாளி என்று தீர்ப்பானால் பெர்மெசோ, இந்த நாட்டில் இருக்கத் தருகிற அனுமதி, புதுப்பிக்கிறது கரைச்சல். பெர்மெசோ இல்லாமல் இந்த ஊரில் இருப்பது என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பூசை முடிந்து வெளியே வரும்போது பிலோமினா என் சீலையைப் பிடித்துக்கொண்டாள். உன்னுடைய சிஞ்ஞோரா நீதவானாக இருந்தவதானே, ஒரு சொல் சொல்லச் சொல்லு. நானும் அடுத்த நாள் தேத்தண்ணியோடு மெதுவாகக் கேட்டேன். சிஞ்ஞோராவின் முகம் சிவந்துவிட்டது. அவவுக்கு என்னில் வந்த கோபம் அது ஒன்றுதான். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டா: "ஒரு சொல் கேக்கிறதெண்டால் முறிஞ்ச கால் ஆருடையதோ அவரிட்டக் கேக்க வேணும். என்ர கால் நல்லாத்தானே இருக்கு?"

சட்டியோடு போன சமாதானம்

இதை நான் அப்படியே எங்கள் ஆட்களிடம் போய்ச் சொன்னேன். காயப்பட்டவரிடம் கேட்க வேண்டுமாம். உடனே எங்கள் பங்குச் சபைத் தலைவர் அருளப்பு அண்ணை எழும்பினார். அது எங்களுக்குத் தெரியாத விசயமோ என்றார். உண்மைதான். எங்கள் ஊரில் ஒரு வீடு பிழை செய்தால் பெரியவர்கள் எல்லாருமாகப் பிழை செய்தவனையும் கூட்டிக்கொண்டு மற்ற வீட்டுக்குப் போவது முறை. வயதில் மூத்தவர் கதைப்பார். செய்தவன் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நிற்பான். அவன் வாய் திறந்தால் அது மரியாதை இல்லை. சாப்பாடு கொண்டுபோவோம். அந்த வீட்டார் ஒரு வாய் சாப்பிட்டால் பகை முடிந்தது.

ஞாயிறு பூசை முடிய அப்படியே போனோம். ஆம்பிளைகள் கோட்டுப் போட்டபடி, நாங்கள் சீலையில். நான் ஒரு சட்டி புரியாணி, பிலோமினா கேக். மூன்று காரில் வந்து ஒழுங்கையை அடைத்து நிறுத்தினார்கள். அருளப்பு அண்ணை கதவைத் தட்டினார். நீனோ ஐயாவின் மகள் திறந்தாள். எங்களைப் பார்த்தாள், பின்னால் தலை குனிந்து நின்ற றெஜியைப் பார்த்தாள். அவன் வெட்கத்தில் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்திருந்தான், எங்கள் பொடியன்கள் பயந்தால் அப்படித்தானே. கதவு சாத்துப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு எதிர் வீட்டு யன்னல், அதற்குப் பக்கத்து யன்னல் என்று ஒழுங்கை முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்துப்பட்டது. உள்ளேயிருந்து ஐயா பெலத்துச் சொன்னார், தான் குடுத்த முறைப்பாட்டைத் திரும்ப எடுக்க மாட்டாராம், தனக்குப் பயமில்லையாம். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோவில் மண்டபத்துக்குத் திரும்பி வந்து அந்தப் புரியாணியை நாங்களே சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை சிஞ்ஞோராவிடம் சொன்னேன். கையில் இருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தா. சின்ன வயதில் தங்கள் தெருவில் கடை வைத்திருந்த ஒரு மனுசன் தன்னிடம் கப்பம் கேட்டவர்களைப் பற்றித் துணிந்து பொலிசில் முறைப்பாடு குடுத்ததையும், அடுத்த ஞாயிறு கோட்டுப் போட்ட கொஞ்சப் பேர் சிரித்த முகத்தோடு, இனிப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக் கதவைத் தட்டியதையும், அதற்குப் பிறகு அந்தக் கடை திறக்கப்படாததையும் சொன்னா. நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டு போன கூட்டம். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால்? சிஞ்ஞோரா என்னைக் குற்றம் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "இந்த ஊரில முறைப்பாடு குடுத்தவன்ர கதவைக் கூட்டமா வந்து தட்டுறவை மன்னிப்புக் கேக்க வாறேல்லை, மரியா."

ஏன் போனனி

வக்கீலும் தலையில் கை வைத்தார். மிரட்டப் போனதாக எடுத்தால் சமூக வேலையும் இல்லை, ஒன்றும் இல்லை. பிலோமினா சாப்பாட்டை விட்டாள். நான் மடு மாதாவைக் கூப்பிட்டபடி இருந்தேன். சிஞ்ஞோரா இப்போதும் நீதிமன்றத்துக்கு ஒரு சொல் சொல்லவில்லை. இப்படிப் பிணக்குப்பட்ட இரண்டு பக்கத்தையும் இருத்திக் கதைக்க வைக்கிற வேலைக்கென்று படித்தவர்கள் இப்போது இருக்கிறார்கள், தன் காலத்துக் கிடாரம் இல்லாவிட்டாலும் கதிரையாவது போடுவார்கள், வக்கீல் மூலம் அவர்களிடம் கேளுங்கள் என்றா. அவர்கள் போய் நீனோ ஐயாவிடம் எங்கள் சட்டியின் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று கிழமை அவர் பதில் சொல்லவில்லை. பிறகு, பொடியனும் தாயும் மட்டும் வரட்டும் என்றார். பிலோமினாவின் இத்தாலியன் அரைகுறை என்பதால் நானும் போக விட்டார்கள்.

வெறும் அறை, வட்டமாகக் கதிரை. ஐயா ஊன்றுகோலோடு மகளின் கையைப் பிடித்து வந்தார். பழைய துறைமுகத் தொழிலாளி, அகலமான தோள். கால் எப்படி, செலவு எப்படி என்று ஒன்றும் கதைக்கவில்லை. இருந்த உடனே கேட்டார்: நீ நிறுத்தினாய், என்னைத் திரும்பிப் பார்த்தாய், பார்த்துவிட்டு ஏன் போனாய்?

றெஜி நிலத்தைப் பார்த்தான். பிலோமினா எழும்பப் பார்த்தாள், மகனுக்காகத் தாய் கதைப்பதுதானே எங்கள் பழக்கம். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வெளியே ஒரு பஸ் வந்து நின்று, சனம் இறங்கி, போய்விட்டது. அதற்குப் பிறகுதான் றெஜி வாய் திறந்தான். நீங்கள் கையைத் தூக்கினீர்கள், ஆட்களைக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்தேன், எல்லாரும் வந்து அடிப்பார்கள் என்று பயந்துவிட்டேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அந்தச் சிரிக்கிற மாதிரி முகம் அன்றைக்கு இல்லை.

ஐயா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லை," என்றார். "நீ வந்து தூக்குவாய் எண்டுதான் கையை நீட்டினனான்."

றெஜி எழும்பினான். என்ன செய்வதென்று தெரியாமல் அறையின் நடுவில் நின்றான். ஐயா ஊன்றுகோலை மகளிடம் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினார். பொடியன் பிடித்துத் தூக்கினான். பாரமான மனுசன், இரண்டு பேரும் ஒருமுறை தள்ளாடினார்கள். எழும்பி நின்ற பிறகும் கையை விடவில்லை. நானும் பிலோமினாவும் அழுதோம், ஐயாவின் மகளும் அழுதாள். ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை போல. என் பக்கம் திரும்பி, கோபப்படுகிற மாதிரிக் கேட்டார்: "அந்தச் சட்டியில என்ன இருந்தது எண்டு என்ர மகள் இண்டு வரைக்கும் கேக்கிறாள், என்ன இருந்தது?"

வாங்கில் இருக்கிறவர்

நீதிமன்றம் மனம் வைத்தது. றெஜி இத்தனை மாதமாகக் கிழமையில் இரண்டு நாள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறான். கதிரை தள்ளுகிறான், சூப் ஊட்டுகிறான், தாயிடம் வந்து ஆருக்கு எத்தனை குளிசை என்று பெரிய டொக்டர் மாதிரிக் கதைக்கிறான். வாற கிழமை கடைசித் தவணை. வேலையை ஒழுங்காகச் செய்தானா என்று பார்த்து, வழக்கை மூடுவதா விடுவதா என்று நீதவான் சொல்லுவார். அந்த நீதவான் ஆர் என்றும் எங்களுக்குத் தெரியாது. இளம் பிள்ளை, இப்போதுதான் மாற்றலாகி வந்திருக்கிறா என்று மட்டும் வக்கீல் சொன்னார்.

எங்கள் சனம் அவனுக்காக நவநாள் செபம் தொடங்கிவிட்டது. நான் சிஞ்ஞோராவின் தலையைச் சீவிக்கொண்டு அதைச் சொன்னேன். நல்லது என்றா. தீர்ப்பு நாளில் தனக்குக் காலமைச் சாப்பாடு இறங்காதாம், கை நடுங்குவதை ஒருவரும் பார்க்கக்கூடாது என்று மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ளுவாவாம். இத்தனை வருசத்தில் அதை எனக்குச் சொன்னதில்லை. பிறகு சொன்னா: "குத்தம் செய்தவனுக்கு ஒரு தாய் வந்திருப்பா, பட்டவனுக்கு ஊர் வந்திருக்கும். எனக்கெண்டு ஒருத்தரும் வந்ததில்லை, மரியா."

நீதி என்றால் என்னவென்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியாது, பெர்மெசோ மாதிரி அதுவும் ஒரே தடவை போய் நின்றால் கிடைக்கிற சாமான் இல்லை என்பது மட்டும் தெரியும்.

றெஜிக்காகச் செபிக்க நாங்கள் நிறையப் பேர் இருக்கிறோம். வாற கிழமை அந்த நீதிமன்ற வாங்கில் தனிய இருக்கப்போகிற நீதவான் பிள்ளைக்காக, நீங்கள் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிடுங்கோ.